விபத்தில்லா நாட்கள்: 24

மகள் ஜீவா ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பி இருபத்தோரு நிமிடம் ஆகியும் "ரீச்ட்" என்று செய்தி வரவில்லை. வீட்டிலிருந்து கல்லூரிக்கு இருபது நிமிடம் என்பது ராகவனின் கணக்கு. அந்தக் கூடுதல் ஒரு நிமிடத்துக்குள் அவர் மொட்டை மாடிக்கு இரண்டு தடவை ஏறி இறங்கிவிட்டார்.

"என்னங்க, இட்லி ஆறிப் போகுது," என்றாள் நாகவல்லி.

"எனக்கு வேண்டாம். வயிறு சரியில்ல."

"வயிறெல்லாம் சரியாத்தான் இருக்கு. இவ்ளோ பயம் இருந்தா அவளுக்கு எதுக்கு வண்டி வாங்கிக் கொடுத்தீங்க?"

நியாயமான கேள்வி. பதில்தான் கொஞ்சம் நீளமானது.

ராகவன் அம்பத்தூர் தொழிற்பேட்டையில், வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் பாதுகாப்பு அதிகாரி. எந்த மெஷின் எவன் விரலை எப்போது கடிக்கும் என்று யோசிப்பதற்குத்தான் அவருக்குச் சம்பளம். இருபத்தாறு வருடமாகச் சம்பளம் வாங்கிக்கொண்டு பயப்படுகிற மனிதர், வீட்டில் அதே வேலையை இலவசமாகச் செய்துவந்தார்.

அவருக்கு வண்டி ஓட்டத் தெரியாது. இருபத்திரண்டு வயதில் ஒருமுறை சித்தப்பாவின் மொபெட்டில் ஏறினார். கிளப்புவது எப்படி என்று சித்தப்பா சொல்லிக்கொடுத்தார். நிறுத்துவது எப்படி என்று சொல்வதற்குள் மொபெட் நேராக ஒரு கல்யாணப் பந்தலுக்குள் புகுந்து, சாம்பார் அண்டாவில் முட்டி நின்றது. அன்றைக்குக் கும்பிட்டு விட்டதுதான். கம்பெனி வேன், பஸ், ரயில் என்றே வாழ்க்கை ஓடிவிட்டது.

தன் பயம் தன்னோடு போகட்டும், மகளுக்குத் தொற்றிவிடக் கூடாது என்பது அவருடைய வைராக்கியம். அதனால்தான் ஸ்கூட்டர். அதனால்தான் தினமும் காலை ஏழு ஐம்பதுக்கு கேட்டில் நின்று, "ம், தைரியமா போ! நம்ம பரம்பரையில பயந்தவங்களே கிடையாது!" என்று சிரித்துக் கையசைப்பது. சாம்பார் அண்டா விஷயம் ஜீவாவுக்குத் தெரியாது. நாகவல்லியிடம் சத்தியம் வாங்கியிருந்தார்.

ஜீவா குறுக்குத் தெருவின் முனையில், தங்கவேலுவின் பஞ்சர் கடையருகே திரும்பி மறையும்வரை அந்தச் சிரிப்பு அவர் முகத்தில் இருக்கும். மறைந்ததும் மாடிக்கு ஓடுவார். மாடியிலிருந்து ஒரு வேப்பமரமும் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியும்தான் தெரியும். அதையாவது பார்த்துக்கொண்டு நிற்பார்.

இருபத்திரண்டாவது நிமிடம் செய்தி வந்தது. "ரீச்ட் பா. மெயின் ரோடு வளைவுல பெரிய பள்ளம், அதான் லேட்."

பெரிய பள்ளம்! ராகவன் இட்லியை மறந்தார்.

*

வெள்ளானூர் திருமுருகன் நகருக்கு ஒரு குடியிருப்போர் நலச் சங்கம் உண்டு. காலை வணக்கம் அனுப்புவதும், காணாமல் போன பூனைகளைத் தேடுவதும் அதுவரை அதன் பணிகள். தலைவர் ஜம்புலிங்கம். இந்த நகர் வயலாக இருந்த காலத்தில் அவருடைய அப்பா இங்கே கூலிக்கு நாற்று நட்டார். மகன் இப்போது அதே இடத்தில் ஜல்லி, மணல், சிமெண்ட் விற்கிறார்.

"பள்ளந்தானே? சொம்மா கவலப்படாத சாரே," என்றார் ஜம்புலிங்கம். "நம்ம யார்டாண்ட வீடு இடிச்ச ரப்பீஷ் மலையாட்டம் கீது. ஞாயித்துக்கெழம நாலு பேரு வந்தா மூடிடலாம்."

நாலு பேருக்குப் பதினேழு பேர் வந்தார்கள். ஐ.டி. கம்பெனிப் பையன்கள் வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு வந்தார்கள். அடுக்குமாடியிலிருந்து ராஜகுமாரி டீச்சர் எல்லாருக்கும் மோர் கொண்டுவந்தார். பத்து மணிக்குள் பள்ளம் மூடி, மட்டம் தட்டி, போட்டோ எடுத்து, குரூப்பில் போட்டு, நாற்பத்து மூன்று பேர் கைதட்டியும் ஆயிற்று.

திங்கட்கிழமைதான் விஷயம் புரிந்தது. தண்ணீர் லாரிகள் இத்தனை காலம் அந்தப் பள்ளத்துக்குப் பயந்துதான் ஊர்ந்துகொண்டிருந்தன. பள்ளம் போனதும் பயமும் போயிற்று. வளைவில் லாரிகள் பறக்க ஆரம்பித்தன. நாய்கள் வேறு தெருவுக்குக் குடிபோயின.

ராகவனுக்கு அன்று கம்பெனியில் வேலையே ஓடவில்லை. நானே மூடினேன், என் கையாலேயே மூடினேன் என்று புலம்பிக்கொண்டிருந்தார்.

"ஸ்பீடு பிரேக்கர் ஒண்ணு போட்டுட்டா?" என்று சாயங்காலம் தலைவரிடம் கேட்டார்.

"போட்டுடலாம் சாரே. சிமெண்ட் நான் தரேன். ஆனா ஒண்ணு, அது நம்ம ஊட்டாண்டதான் வரணும்."

போட்டார்கள். கொத்தனார் கலையுள்ளம் கொண்டவர். "கம்பீரமா இருக்கணும்ல?" என்று முழங்கால் உயரத்துக்கு எழுப்பிவிட்டார். மறுநாள் ராஜகுமாரி டீச்சர் ராகவன் வீட்டுக் கதவைத் தட்டினார்.

"தலைவர் வீட்டுக் குழந்தைங்க மட்டும்தான் குழந்தைங்களா சார்? எங்க அபார்ட்மெண்ட்ல பதினொரு குழந்தைங்க இருக்கு."

அபார்ட்மெண்ட் வாசலில் ஒன்று போட்டார்கள். அபார்ட்மெண்டுக்கு உண்டு, எங்களுக்கு இல்லையா என்று எதிர்வரிசையில் ஒன்று கேட்டார்கள். மளிகைக் கடைக்காரர், வாசலில் வண்டி மெதுவாகப் போனால் வியாபாரம் ஆகும் என்று சொந்தச் செலவில் ஒன்று போட்டுக்கொண்டார். வீட்டு முன்னால் வேகத்தடை இல்லாதவன் மனிதனே இல்லை என்கிற நிலைமை வந்தது. நானூறு மீட்டர் சாலையில் ஏழு வேகத்தடைகள் முளைத்தன. ஷேர் ஆட்டோவில் போகிறவர்கள் தலையைக் கையால் பொத்திக்கொண்டு போனார்கள்.

ஏழாவது தடைக்குச் சிமெண்ட் பூசிக்கொண்டிருந்தபோது பஞ்சர் கடைத் தங்கவேலு வந்து நின்றார். ஒல்லியான மனிதர், அதிர்ந்து பேசமாட்டார்.

"யாருக்கோசரம் சார் இதெல்லாம்?"

"எல்லாருக்கும்தான் தங்கவேலு. உன்கிட்ட மட்டும் சொல்றேன், முக்கியமா என் பொண்ணுக்கு. தினமும் இந்த வழியாத்தானே வண்டியில போறா."

தங்கவேலு என்னவோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் காற்றுப் பிடிக்க ஆள் வந்துவிட்டது.

*

அந்த வாரக் கடைசியில் ராகவன் தன் தொழில் மூளையைத் தெருவுக்கு இறக்குமதி செய்தார். அவர் கம்பெனி வாசலில் ஒரு போர்டு உண்டு. விபத்து நடக்காத ஒவ்வொரு நாளும் அதில் எண் ஒன்று ஏறும். யாருக்காவது அடிபட்டால் மறுபடி சைபரிலிருந்து தொடங்க வேண்டும். போர்டைப் பார்த்துப் பார்த்தே ஆட்கள் கவனமாக இருப்பார்கள் என்பது ஏற்பாடு.

தலைவர் வீட்டுச் சுவரோரம் பச்சைப் போர்டு ஒன்று எழுந்தது. 'திருமுருகன் நகர். விபத்தில்லா நாட்கள்.' கீழே சாக்பீஸால் எண். வேகத்தடைகள் பளிச்சென்று தெரிவதற்காக, தலைவர் வீட்டு கேட்டுக்கு அடித்து மிஞ்சிய வெள்ளைப் பெயிண்டை அவற்றின்மீது பூசினார்கள்.

நாகவல்லி போர்டை ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். இரவுச் சாப்பாட்டின்போது தீர்மானமாகச் சொன்னாள்.

"உங்க போர்டுல என்னைக்குச் சைபர் வருதோ, அன்னைக்கு வண்டிச் சாவி என் கைக்கு வந்துடணும். ஜீவா பஸ்ல போவா."

ஜீவா தட்டிலிருந்து நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள்.

"சைபரெல்லாம் வராது," என்றார் ராகவன், நெஞ்சை நிமிர்த்தி. "எம் பொண்ணு பஸ்ல போறதா?"

ஜீவா மறுபடி தட்டைப் பார்த்தாள்.

ஆறாம் நாள் விடியற்காலை லேசாகத் தூறியது. கேட்டுக்கு அடிக்கிற பெயிண்ட் மழையில் சோப்பு மாதிரி வழுக்கும் என்பது பால்காரர் பச்சையப்பன் மூலமாக ஊருக்குத் தெரிந்தது. மூன்றாவது தடையில் அவர் ஒரு பக்கம், வண்டி ஒரு பக்கம், பால் எல்லாப் பக்கமும்.

ராகவன் சாக்பீஸும் கையுமாகப் போர்டுக்கு நடந்தார். கம்பெனியில் எவனாவது சிராய்ப்பை மறைத்தால்கூடச் சாமியாடிவிடுகிற ஆள் அவர். இங்கே சைபர் போட்டால் சாவி போகும். சாவி போனால் ஜீவா கடைசிவரை அவரைப் போலவே பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து வண்டிக்காரர்களைப் பார்த்து ஏங்க வேண்டியதுதான்.

"இன்னா சாரே பண்ற?" ஜம்புலிங்கம் ஓடிவந்தார். "இருபத்தஞ்சாவது நாளு விழா வெச்சு கவுன்சிலரைக் கூப்ட்டுக்கீறோம். இப்ப போயி சைபர் போட்டா ஏரியா மானம் இன்னாவறது?"

இருவரும் சேர்ந்து பச்சையப்பனைப் பார்த்தார்கள். பச்சையப்பன் முழங்கையைத் தடவிக்கொண்டே யோசித்தார்.

"நான் எங்க வுழுந்தேன்? கேன் கனமா இருந்துச்சு, எறக்கி வெச்சேன். அம்மாந்தான்."

ராகவன் ஐந்தை அழித்து ஆறு எழுதினார். அன்று முழுக்க அவருக்குச் சோறு இறங்கவில்லை.

அதற்குப் பிறகு வழி திறந்துவிட்டது. பத்தாம் நாள் ராஜகுமாரி டீச்சர் காய்கறிப் பையோடு ஐந்தாவது தடையில் சரிந்தார். தூக்கிவிட ஓடிவந்த ராகவனைப் பார்த்து, "விழலை சார், கால் வலிச்சுது, உக்காந்தேன்," என்றார். தெருவுக்கு நடுவில், தக்காளிகளுக்கு மத்தியில் உட்கார்ந்தபடியே சொன்னார். பதினான்காம் நாள் கூரியர்காரர் ஒருவர் "படுத்தார்". நகரே அந்த எண்ணைத் தன் சொந்தப் பிள்ளையைப் போலப் பொத்திப் பொத்தி வளர்த்தது.

சாலை ஓரம் அழகாக இருந்தால் வண்டிகள் நிதானமாகப் போகும் என்று எங்கோ படித்த ராகவன், பழைய டயர்களுக்குப் பெயிண்ட் அடித்து, மண் நிரப்பி, செடி வைக்க ஏற்பாடு செய்தார். செடிகள் எருமைகளுக்குப் பிடித்திருந்தன. ஒன்பது எருமைகள் தினமும் காலையில் வந்து, தின்றுவிட்டு, சாலை நடுவிலேயே படுத்து அசை போட்டன. லாரிகள் எருமைக்கு ஒதுங்கி டயரில் ஏறின. டயருக்கு ஒதுங்கிய ஆட்டோக்கள் வேகத்தடையில் துள்ளின.

ராகவனின் தூக்கம் சுத்தமாகப் போயிற்று. முன்னே மகள் ஒரு பள்ளத்தைத்தான் தாண்ட வேண்டியிருந்தது. இப்போது ஏழு தடை, நாற்பது டயர், ஒன்பது எருமை. எல்லாம் அவர் கைங்கரியம். ஆனாலும் காலையில் கேட்டில் நின்று சிரிப்பதை அவர் விடவில்லை. கம்பெனியிலிருந்து ஒளிரும் பச்சை ஜாக்கெட் ஒன்றும், தலையை முழுசாக மூடுகிற நீல ஹெல்மெட் ஒன்றும் கொண்டுவந்து ஜீவாவுக்குப் போட்டுவிட்டார்.

"ஏம்பா தெருவுல இவ்ளோ வேலை இழுத்துப் போட்டுக்கிறீங்க?" என்றாள் ஜீவா ஹெல்மெட்டுக்குள்ளிருந்து.

"சமூக சேவைம்மா. வேற ஒண்ணுமில்ல. தைரியமா போ!"

*

இருபத்தைந்தாம் நாள் விடிந்தது. ராகவன் கம்பெனிக்கு லீவு போட்டிருந்தார். ஜீவாவை வழியனுப்பிவிட்டு, புதுச் சட்டை மாட்டிக்கொண்டு, போர்டிடம் போய்ச் சேர்ந்தபோது மணி எட்டு ஐந்து.

பாதி உயிர் அங்கேயே போயிற்று. தலைவர், விழாவுக்காக ஏழு தடைகளுக்கும் விடியற்காலையில் புது வெள்ளை அடித்திருந்தார். புழுதி அடங்க லாரித் தண்ணீரும் விட்டிருந்தார். சாலை பளபளவென்று மின்னியது.

"ஜம்புலிங்கம்! என்னய்யா இது? காயாத பெயிண்ட்ல தண்ணியா? இப்பத்தானே என் பொண்ணு இந்த வழியாப் போயிருப்பா!"

"பாப்பாவ நான் பாக்கலையே சாரே. மைக் செட்டுக்காரனோட பேசிகினு இருந்தேன்."

ராகவன் போனைப் பார்த்தார். ஜீவாவிடமிருந்து செய்தி இல்லை. இருபது நிமிடம் ஆக இன்னும் நேரம் இருந்தது. பரவாயில்லை, பரவாயில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். போர்டில் இருபத்து நான்கு என்று இருந்தது. கவுன்சிலர் வந்து இருபத்தைந்து எழுத வேண்டும். "ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங்," என்றார் ஜம்புலிங்கம்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. முதலில் ஒரு எருமையின் குரல். பிறகு டயர் கிறீச்சிட்டது. பிறகு தகரம் தரையில் நெடுந்தூரம் உரசிக்கொண்டு போனது.

நான்காவது தடைக்கு அருகே ஒரு வெள்ளை ஸ்கூட்டர் கவிழ்ந்து கிடந்தது. ராகவனுக்கு நம்பர் பிளேட்டைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. முன்பக்கம் அவர் கையால் ஒட்டிய 'நிதானம்' என்ற ஸ்டிக்கர் தெரிந்தது. கொஞ்சம் தள்ளி, பச்சை ஜாக்கெட்டும் நீல ஹெல்மெட்டுமாக ஒரு உருவம் குப்புறக் கிடந்தது. அதைச் சுற்றி, வெள்ளைப் பெயிண்டின்மேல், சிவப்புச் சிவப்பாக.

ராகவன் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார்.

ஜம்புலிங்கம் நிலைமையை ஒரே நொடியில் புரிந்துகொண்டார். தெரு முனையில் கவுன்சிலரின் கார் திரும்பிக்கொண்டிருந்தது. மைக்கை வாயோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டார்.

"யாரும் வுழலை! யாரும் வுழலை! பொதுமக்கள் பதற வேணாம்! சொம்மா உக்காந்துகினு கீறாங்க!"

"ஆமாமா, உக்காந்திருக்காங்க!" என்றார் ராஜகுமாரி டீச்சர், பழக்க தோஷத்தில்.

ராகவனுக்குள் இருபத்தாறு வருடமாக அடைத்துக் கிடந்த ஏதோ ஒன்று உடைந்தது. பாய்ந்து போய் மைக்கைப் பிடுங்கினார்.

"விழுந்துட்டா! என் பொண்ணு விழுந்துட்டா!" திருமுருகன் நகர் முழுக்க ஒலிபெருக்கி அலறியது. "பச்சையப்பன் விழுந்தாரு! டீச்சர் விழுந்தாங்க! எல்லாரும் விழுந்தாங்க! நான்தான் மறைச்சேன்! சைபர் போடுங்கய்யா! சாவியை நாகவல்லி எடுத்துக்கட்டும்! எனக்கு வண்டியும் வேணாம், ஒண்ணும் வேணாம். பயமா இருக்குய்யா எனக்கு! முதல் நாள்லேர்ந்து தினம் தினம் செத்துப் பொழைக்கிறேன்!"

மைக்கைப் போட்டுவிட்டு ஓடினார் ராகவன். வெள்ளைப் பெயிண்டில் வழுக்கி, உண்மையாகவே விழுந்து, அதே வேகத்தில் தவழ்ந்து போய் அந்த உருவத்தின் தலையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டார். அருகில் போன பிறகுதான் சிவப்பாகக் கிடந்தது ரோஜா இதழ்கள் என்று தெரிந்தது. கவுன்சிலருக்கு வாங்கிவந்த மாலை.

"ஜீவா... ஜீவாம்மா... அப்பா வந்துட்டேன்டா," என்று அழுதுகொண்டே ஹெல்மெட்டைக் கழற்றினார்.

உள்ளே ஒரு மீசை இருந்தது.

"மெதுவா சார், காது மாட்டிக்கும்," என்றார் பஞ்சர் கடைத் தங்கவேலு.

ராகவன் அவரையும் ஹெல்மெட்டையும் மாறி மாறிப் பார்த்தார். விழுந்தது ஜீவா இல்லை. அந்த நிம்மதிக்கு நடுவிலிருந்து புதிதாக ஒரு கிலி எழுந்தது.

"என் பொண்ணு வண்டி உன்கிட்ட எப்படி வந்துச்சு? ஜீவா எங்க?"

தங்கவேலு எழுந்து உட்கார்ந்து, சிராய்த்த முழங்காலை ஊதிக்கொண்டார்.

"தலைவரு மாலை வாங்கியாரச் சொன்னாரு சார். என் வண்டி ரிப்பேரு. கடைக்குப் பின்னாடி பாப்பா வண்டி நின்னுச்சு, ஜாக்கெட்டு, ஹெல்மெட்டு எல்லாம் அதுலயே இருந்துச்சு, மாட்டிகினு எடுத்துகினு பூட்டேன். பாப்பா இந்நேரம் காலேஜாண்ட எறங்கியிருக்கும். ஷேர் ஆட்டோல."

"ஷேர் ஆட்டோலயா? எதுக்கு? இன்னைக்கு வண்டியில ஏதாவது கோளாறா?"

தங்கவேலு தயங்கினார். ஒலிபெருக்கி இருந்த திசையை ஒருமுறை பார்த்தார். பிறகு ராகவனின் காதருகே குனிந்து, தாழ்ந்த குரலில் சொன்னார்:

"இன்னிக்கு இல்ல சார், மொத நாள்லேர்ந்தே இப்படித்தான், 'எனக்கு வண்டியில ஏறினாலே கை உதறுதுண்ணா, எங்க அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, அவரு பயம்னா என்னன்னே தெரியாத மனுஷன்'னு பாப்பா என்கிட்ட சத்தியம் வாங்கிக்கிச்சு."